கம்சனைத் தூக்கியவர்

கந்தப்பு மச்சானை ஊரில் பாதிச் சனம் கம்சன் என்றுதான் சொல்லும். முகத்துக்கு நேரே சொல்லாது. அந்த அளவுக்கு மரியாதை இருந்தது. ஊரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. பருத்தித்துறைக்குக் கிழக்கே, கடலுக்கும் மணல் மேட்டுக்கும் நடுவே கிடக்கிற ஒரு கரையூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும், எனக்கென்ன பயம்? ஆனால் செத்தவரைப் பற்றிக் கதைக்கிற இடத்தில் சத்தம் வேண்டாம் என்று பார்க்கிறேன்.

அந்த ஊரில் ஒரு பெருமாள் கோயில் உண்டு. யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பிள்ளையார், முருகன், சிவன், அம்மன்தான். தோட்டக்காரச் சைவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். தங்கள் கடவுள் பிறவாதவராம், தாய் வயிற்றில் படாதவராம். நல்லது, வைத்திருக்கட்டும். கடலுக்குப் போகிற சனத்துக்குப் பிறக்கிற சாமிதான் வேண்டியிருந்தது. மீனாய் வந்த சாமி, ஆமையாய் வந்த சாமி, ஒருத்தியின் மடியில் பிள்ளையாய்க் கிடந்து பால் குடித்த சாமி. எனக்கும் அதுதான் பிடித்தது. ஆனால் ஒன்றை நான் யோசித்திருக்கிறேன். சாமி ஒவ்வொரு முறை பிறக்கும்போதும் எதிரில் நிற்க ஒருவன் வேண்டும். அந்த ஒருவனுக்கும் வீடு வாசல் இருக்கும், கூடப் பிறந்த தங்கச்சி இருப்பாள். அவனைப் பற்றி ஒருவருக்கும் கவலை இல்லை.

புரட்டாசித் திருவிழாவில் ஒரு நாள் கம்சன் போர். இரண்டு ஆள் உயர மரக் கம்சன். சிவந்த முகம், பிதுங்கிய கண், கழற்றி மாட்டக்கூடிய தலை. நீளக் கம்புகளில் கட்டிப் பதினாறு பேர் தோளில் தூக்குவார்கள். ஆனால் கம்சன் உயிரோடு நிற்பது ஒரே ஒருவனால்தான். அவன் பொம்மைக்குப் பின்னால் பலகையில் ஏறி நின்று, அதன் இடுப்பைக் கட்டிப் பிடித்து ஆட்டுவான். கம்சன் சீறுவதும் ஓடுவதும் கண்ணனைக் கண்டு நடுங்குவதும் அவன் கையில் இருந்தது. கடைசியில் கண்ணன் எழுந்தருளிய மஞ்சம் முன்னால் வரும், கம்சனின் தலை விழும், பொடியன்கள் மணலை அள்ளி அள்ளி எறிவார்கள். பொம்மையில் படுவது பாதி, பின்னால் நிற்பவனில் படுவது பாதி. இந்த உரிமை கந்தப்பு மச்சானின் வீட்டுக்குத் தகப்பன் வழியாக வந்தது. தகப்பன் கடலோடு போனபிறகு, இருபத்து நாலு வயதில் அவர் பலகையில் ஏறினார்.

நான் யார் என்று சொல்லவில்லையே. என் பெயர் குணலட்சுமி. என் தம்பி நாகலிங்கம் கட்டியது கந்தப்பு மச்சானின் தங்கச்சி தங்கமுத்துவை. அப்போதே மாற்றுச் சம்பந்தமாக என்னை அவருக்குக் கேட்டார்கள். என் ஐயா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். “கம்சன் ஆடுற வீட்டிலை பொம்பிளை எடுக்கலாம், குடுக்கேலாது” என்றார். இது என்ன நியாயம் என்று கேட்க அந்த நாளில் எனக்கு வாய் இல்லை. இப்போது வாய் இருக்கிறது, ஐயா இல்லை. என்னை மயிலிட்டியில் முத்துக்குமாரு என்பவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல மனுசன். பிள்ளைதான் இல்லை.

தங்கமுத்துவுக்கோ வயிறு திறந்து திறந்து மூடியது. முதல் கரு நாலாம் மாதத்தில் கலைந்தது. பிறகு பிறந்த மூன்றும், பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளில் மஞ்சள் பூத்து, பால் குடிக்க மறந்து, போய்விட்டன. பச்சைப் பிள்ளையை எங்களில் எரிப்பதில்லை, மணலில் புதைப்பார்கள். தூக்கிக்கொண்டு போவது தாய்மாமன். மூன்றையும் கந்தப்பு மச்சான்தான் கொண்டுபோனார். மூன்றாவது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில், நான் அங்கே நின்றேன். வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, தோளில் கிடந்த துவாயை எடுத்து மேலே மூடிக்கொண்டு நடந்தார். “வெயில்” என்று மட்டும் எனக்குச் சொன்னார். செத்த பிள்ளைக்கு வெயில் பட்டால் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து கிணற்றடியில் குளிக்கும்போது அவரே வாய்விட்டுச் சொன்னார். “காலமை நான் தூக்கினனான், மச்சாள். என்னைப் பாத்துச் சிரிச்சது. பின்னேரம் மஞ்சளாப் போச்சு. முந்தினதும் அப்பிடித்தான். நான் தூக்கினாப் பிறகுதான்.”

“விசர்க் கதை கதையாதையுங்கோ” என்றேன்.

அவர் தலையைத் துவட்டாமலே போனார். அதோடு விட்டிருக்கலாம். எங்கள் அம்மா விடவில்லை. குறி பார்த்துக் கட்டுச் சொல்லுகிற ஒருவனிடம் தங்கமுத்துவைக் கூட்டிக்கொண்டு போனாள். அந்தக் கோதாரியில் போவான் உடுக்கைத் தட்டிவிட்டு, “பாலனைக் கொல்லுறவன் வெளியாலை இல்லை. வீட்டுக்கை நிக்கிறான். அவன்ரை கண் படாத பிள்ளை தப்பும்” என்று சொன்னான். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. வருசா வருசம் கம்சனைக் கட்டிப் பிடித்து ஆடுகிற அம்மான் வீட்டில் இருக்கும்போது யாரைத் தேடுவது?

அடுத்த வருசம் தங்கமுத்து மறுபடியும் உண்டானாள். சித்திரையில் கந்தப்பு மச்சான் வழக்கம்போல முல்லைத்தீவுக் கரைக்கு வாடிக் கொட்டில் போட்டு மீன் பிடிக்கப் போனார். புரட்டாசித் திருவிழாவுக்குத்தான் திரும்புவார். அந்த இடைவெளியில் அம்மாவும் தங்கமுத்துவும் நானும் அடுப்படியில் இருந்து திட்டம் போட்டோம். கண்ணனை ஆற்றைக் கடத்தி வேறு வீட்டில் வளர்க்கவில்லையா? அதேதான். பிள்ளை பிறந்ததும் தொண்டைமானாற்றைக் கடந்து மயிலிட்டிக்கு வந்துவிடும். அது என் பிள்ளை. அம்மானுக்கும் ஊருக்கும் செத்துப்போச்சு என்று சொல்லிவிடுவது. பெருமாளின் கதையை எங்கள் அளவுக்கு வெட்டித் தைத்துக்கொண்டோம். அந்தக் கதையில் கம்சன் கெட்டவன் என்பதையும், எங்கள் வீட்டில் நின்றவர் செத்த பிள்ளைக்கு வெயில் படுமே என்று பயந்தவர் என்பதையும் நாங்கள் மூவரும் யோசிக்கவில்லை.

கண்ணன் பிறந்தது அட்டமியில், நள்ளிரவில், அடைமழையில் என்பார்கள். இவன் பிறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு, காய்கிற வெயிலில், ஆஸ்பத்திரிக் கட்டிலில். மஞ்சள் பூக்கவில்லை. கத்தின கத்தில் வார்டே எழும்பியது. நாலாம் நாள் என் புருசன் ஹயர் கார் பிடித்து வந்தார். தங்கமுத்து பிள்ளையை என் கையில் தந்தாள். கார் பாலத்தில் ஏறியது. கீழே தண்ணீர் முழங்கால் அளவுகூட இல்லை. நான் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இனி இவனை ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன் என்று நினைத்தேன். அதைத்தான் முதலில் நினைத்தேன். அவன் தப்ப வேண்டும் என்று நினைத்தது பிறகு. சோமசேகரம் என்று பெயர் வைத்தோம். கண்ணன் என்று வைக்கச் சொன்னாள் அம்மா. எனக்குப் பயமாக இருந்தது.

புரட்டாசியில் கந்தப்பு மச்சான் வந்தார். நாகலிங்கம் அவரை மணலுக்குக் கூட்டிப்போய், மூன்று மேட்டுக்குப் பக்கத்தில் புதிதாய்க் குவித்த நாலாவது மேட்டைக் காட்டினான். உள்ளே ஒன்றுமில்லை. அவர் பார்த்துவிட்டு, “ஆர் கொண்டுவந்தது?” என்று கேட்டாராம்.

“நான்தான் அண்ணை.”

“மூடிக்கொண்டு வந்தனியோ? ஆவணி வெயில் கடும் வெயில்.”

என் தம்பி இதை என்னிடம் சொல்லும்போது விம்மி விம்மி அழுதான். ஆனாலும் உண்மையைச் சொல்லவில்லை. நானும் சொல்லச் சொல்லவில்லை.

அந்த வருசக் கம்சன் போருக்கு நான் போகவில்லை. போனவர்கள் சொன்னார்கள். கந்தப்பு அப்படி ஆடி ஒருநாளும் கண்டதில்லையாம். கீழே தூக்கினவர்களின் தோள் கிழிந்ததாம். தலை விழுந்தது, மண் எறிந்து முடிந்தது, பொடியன்கள் கடலை வாங்க ஓடிவிட்டார்கள். அவர் பலகையை விட்டு இறங்கவில்லை. கண்ணுக்குள் மணலோடு நின்று, “இன்னும் எறியுங்கோடா” என்றாராம். ஐயர் வந்து கையைப் பிடித்து இறக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பழக்கம் தொடங்கியது. பிள்ளைகளைப் பார்க்கமாட்டார். ஒழுங்கையில் நடந்தால் மூலையில் நின்று இருமுவார். சின்னன் ஏதும் எதிரே வந்தால் துவாயை முகத்தில் போட்டுக்கொண்டு வேலிப் பக்கம் திரும்பி நிற்பார். ஊரும் பழகிவிட்டது. பிள்ளை பெற்ற வீடுகளில் “கந்தப்பு வாறார்” என்று ஒரு குரல் கேட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாயைச் சுருட்டி உள்ளே போவார்கள். அவர் அதை நல்ல ஏற்பாடு என்று நினைத்தார். அவருக்குக் கலியாணம் பேசிவந்தவர்களிடம், “எனக்குப் பிள்ளை பிறந்தால் நான் எங்கை போறது?” என்று கேட்டாராம். வந்தவர்கள் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

நாலாவது மேட்டுக்கு வெள்ளிக்கிழமைகளில் பால் தெளிப்பார். மற்ற மூன்றுக்கும் இல்லை, அதற்கு மட்டும்.

மயிலிட்டிக்கு வருசத்தில் இரண்டு தரம் வருவார். எனக்கு நெடுநாளைக்குப் பிறகு ஒரு பொடியன் பிறந்திருக்கிறான் என்றுதான் அவருக்குத் தெரியும். படலைக்கு வெளியே நின்று கூப்பிடுவார்: “மச்சாள், பொடியனை உள்ளை விடுங்கோ. நான் வாறன்.” நான் சேகரத்தை அறைக்குள் விட்டுச் சாத்துவேன். மறைப்பதற்கு நான் ஒரு பாடும் படவில்லை. அந்த மனுசனே எனக்காக மறைத்துத் தந்தார். வாங்குப் பலகையில் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார். கொண்டுவருவது ஓலைக் குட்டானில் பனங்கட்டி ஒரு கோர்வை, சில நேரம் பூவரசங் கட்டையில் செதுக்கின சின்ன வள்ளம். “பொடியனுக்குக் குடுங்கோ. நான் தந்ததெண்டு சொல்லவேண்டாம்.”

“ஏனம்மா உந்த மாமா முகத்தை மூடுறவர்?” என்று சேகரம் கேட்டான்.

“அவருக்குக் கண்ணிலை வருத்தம் மோனை.”

அறுபத்தைந்தில் ஒருநாள் என்று நினைக்கிறேன். சேகரத்துக்கு எட்டு வயது. தட்டிக்கு அந்தப் பக்கம் அவன் கொப்பியில் படம் கீறிக்கொண்டிருந்த சத்தம் எனக்குக் கேட்டது. இவர் தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “மச்சாள், கம்சனைப்போல அந்தப் பிள்ளையை நினைச்சவை ஆர் சொல்லுங்கோ பாப்பம்? பெத்தவள்கூட நினைச்சிருக்கமாட்டாள். தின்னேக்கையும் நினைச்சான், படுக்கேக்கையும் நினைச்சான். எந்த நேரமும் அந்தப் பிள்ளைதான்.”

“பயத்திலை நினைச்சான்” என்றேன்.

“பயமெண்டாலென்ன, நினைச்சதுதானே. எனக்கு மற்ற மூண்டு முகமும் தெரியும். கண்ணை மூடினால் வரும், பேந்து போயிடும். அந்தக் கடைசிப் பிள்ளையின்ரை முகம்தான் தெரியாது. ஒவ்வொரு நாளும் ஒரு முகம் வைச்சுப் பாக்கிறன். ஒண்டும் சரிவருகுதில்லை. அது என்னை விடுகுதில்லை, மச்சாள்.”

தட்டிக்கு அந்தப் பக்கம் பென்சில் சத்தம் நின்று மறுபடி தொடங்கியது. நான் எழும்பிக் கதவைத் திறந்திருக்கலாம். இரண்டு அடி தூரம். நான் நல்லவள் என்று சொல்ல இதை எழுதவரவில்லை. கட்டுச் சொன்னவனை நம்பினேனா என்று கேட்டால், பாதி நம்பினேன். மிச்சப் பாதி, உண்மை வெளியே வந்தால் தங்கமுத்து பிள்ளையைத் திருப்பிக் கேட்பாளே என்ற பயம். அவன் என்னை அம்மா என்று கூப்பிட்டான். அந்த ஒரு சொல்லுக்காக அந்த மனுசனை வாங்கில் இருத்தி எரிய விட்டேன். “தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ” என்றுதான் என் வாயில் வந்தது.

தங்கமுத்து வந்தால் சேகரம் “மாமி” என்பான். அவளுக்குப் பிறகு பிள்ளை தங்கவேயில்லை. வந்து அவனுக்குச் சீப்பால் தலை இழுத்துவிட்டு, நகம் வெட்டிவிட்டுப் போவாள். திருப்பிக் கேட்கவில்லை, தமையனின் கண் படும் ஊருக்குக் கொண்டுபோக அவளுக்குப் பயம். எழுபத்தொன்றில் அவள் நெஞ்சு நோவில் செத்தாள். செத்தவீட்டுக்கு நான் மட்டும் போனேன். கந்தப்பு மச்சான் முன்னுக்கு நிற்பாரே என்று, சேகரத்துக்குக் காய்ச்சல் என்று ஒரு பொய் சொன்னேன். பெற்ற தாய்க்கு வாய்க்கரிசி போடவிடாமல் அவனை மறித்தவள் நான். அதற்கு என்னை எந்தப் பெருமாள் மன்னிப்பார் என்று தெரியவில்லை. நாகலிங்கம் அதோடு தொழிலுக்கென்று முல்லைத்தீவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான்.

இனி லூர்த்தம்மா. மயிலிட்டியில் எங்கள் அடுத்த வளவு, ஆஸ்பத்திரியில் மருத்துவிச்சியாக இருந்து இளைப்பாறினவள். எழுபத்தெட்டுத் தொடக்கத்தில் ஒருநாள், தன் மருமகளுக்குப் பிள்ளை பிறந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெற்றவுடன் தாய்க்கு ஓர் ஊசி போட்டார்களாம், அடுத்த பிள்ளைக்காக.

“அடுத்த பிள்ளைக்கு இப்பவே என்ன ஊசி?” என்று கேட்டேன்.

“ரத்தம் சேராட்டில் போடுறது. தாயின்ரை ரத்தம் ஒரு வகை, தேப்பன்ரை ரத்தம் வேறை வகை. பிள்ளை தேப்பன்ரை வகையோடை வந்தால் தாயின்ரை ரத்தம் அதோடை சண்டை பிடிக்கும். பிறந்து ரெண்டு மூண்டு நாளிலை மஞ்சளாப் போய்ச் செத்துப்போம். முந்தி எத்தினை வீட்டிலை கண்டனான். சனம் பேய் எண்டும் சூனியம் எண்டும் சொல்லுங்கள். தாயின்ரை வகையோடை வந்த பிள்ளை ஒண்டும் ஆகாமல் தப்பும்.”

நான் உலக்கையைக் கீழே போட்டேன். “திருப்பிச் சொல்லு” என்றேன். அவள் மூன்று தரம் சொன்னாள். நாலாவது தரம் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிட்டாள்.

அடுத்த நாள் சேகரத்தை இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்கு இருபது முடிந்துவிட்டது, மெசின் பூட்டின வள்ளத்தில் போகிறவன். என் புருசன் அதற்கு முந்தின வருசமே போய்விட்டார், துணைக்கு ஒருவரும் இல்லை. அவன் என்னை அடித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். இரண்டு நாள் சாப்பிடவில்லை, முகம் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் வந்து, “மாமியின்ரை படம் ஒண்டு இருக்கோ?” என்று கேட்டான். இருந்தது, கொடுத்தேன். கனநேரம் பார்த்தான். பிறகு, “அந்த மனிசனை நான் பாக்கோணும் அம்மா” என்றான். அம்மா என்று சொன்னான். எனக்கு அது போதும்.

பருத்தித்துறைக்கு பஸ், அங்கிருந்து நடை. அவர் இருந்த கொட்டிலுக்குக் கொஞ்சம் முன்னால் சேகரத்தைப் பூவரச மரத்தடியில் நிறுத்திவிட்டு நான் தனியே போனேன். காலை ஒன்பது மணி இருக்கும். கந்தப்பு மச்சான் கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தார். தலை முழுதும் நரைத்திருந்தது.

“மச்சான், ஒண்டு சொல்ல வந்தனான். சொன்னாப் பிறகு என்னைக் கொன்றாலும் சரி.”

“என்ன மச்சாள்?”

“அந்தக் கடைசிப் பிள்ளை சாகேல்லை. மண்ணுக்கை ஒண்டுமில்லை. என்ரை பொடியன்தான் அவன்.”

அவர் ஊசியை வலையில் குத்தி வைத்தார். என்னைப் பார்த்தார். “உயிரோடை இருக்கிறானோ?”

“ஓம் மச்சான். கல்லுமாதிரி இருக்கிறான்.”

இருபது வருசத்துக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பைக் கண்டேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பி, “என்ரை பெருமாளே, என்ரை பெருமாளே” என்று திருப்பித் திருப்பிச் சொன்னார். கண்ணீர் தாடியில் வழிந்தது. நானும் அழுதேன். இருபது வருசப் பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, லூர்த்தம்மா சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன். உங்கள் கண்ணில் ஒன்றுமில்லை, உங்கள் கையில் ஒன்றுமில்லை, எல்லாம் ரத்தம், தங்கமுத்துவின் ரத்தம் பிள்ளைகளோடு சேரவில்லை, அவ்வளவுதான்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “தங்கமுத்துவின்ரை ரத்தமோ?” என்றார்.

“ஓம்.”

“அவளும் நானும் ஒரு வயித்துப் பிள்ளையள். அவளின்ரை ரத்தம்தானே இஞ்சையும் ஓடுது?” என்று மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார்.

“அது வேறை மச்சான். அது வயித்துக்குள்ளை—”

“எப்பிடி வேறை?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. லூர்த்தம்மாவைக் கையோடு கூட்டிவந்திருக்க வேண்டும். மடைச்சி, அது எனக்குத் தோன்றவில்லை. அவர் தலையை ஆட்டினார். குரலில் கோபம் இல்லை.

“நான் பாத்த மூண்டும் போச்சுது. பாக்காத ஒண்டு நிக்குது. முந்தி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது மச்சாள், உள்ளதைச் சொல்லுறன். நான் பாக்காத பிள்ளையும் செத்ததெண்டால் என்ரை கண்ணாலை இல்லையோ எண்டு சில நேரம் நினைப்பன். அந்த மேட்டுக்குப் பால் தெளிக்கிறது அதுக்குத்தான். இப்ப தெளிவாப் போச்சு. நீங்கள் செய்தது சரி. நல்ல வேலை செய்தியள்.”

என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் செருப்பைக் கழற்றி அடித்திருந்தால் நான் வீட்டுக்கு வந்து நித்திரை கொண்டிருப்பேன். என்ன செய்துவிட்டேன்! நாங்கள் சொன்ன பொய்யில் அவருக்கு ஒரு சின்ன ஓட்டை இருந்திருக்கிறது, அதற்குள்ளால் மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதை நான் உண்மையைக் கொண்டுவந்து அடைத்துவிட்டேன்.

“அவன் வந்திருக்கிறான் மச்சான். மரத்தடியிலை நிக்கிறான்” என்றேன்.

அவர் பதறி எழும்பினார். வலை காலில் சிக்கியது. துவாயை எடுத்து முகத்தை மூடி, இரண்டு சுற்றுச் சுற்றி, பின்னால் முடிச்சுப் போட்டார். சுவர்ப் பக்கம் திரும்பி இருந்துகொண்டு, “இப்ப வரச் சொல்லுங்கோ” என்றார்.

சேகரம் வந்து அவருக்குப் பின்னால் நிலத்தில் இருந்தான். அவர்தான் பேச்சைத் தொடங்கினார். எந்த ஆழத்தில் வலை போடுகிறாய், மெசின் நல்லதோ, வாடைக் காற்றுக்கு வெளிக்கிடாதே, சாப்பாட்டுக்கு என்ன பிடிக்கும்? எல்லாவற்றுக்கும் அவன் பதில் சொன்னான்.

“உன்ரை தலைமயிர் சுருளோ, நேரோ?”

“சுருள், அம்மான்.”

“தங்கச்சிக்கும் சுருள்” என்று சுவருக்குச் சொன்னார். “மூக்கு?”

“மூக்கு எனக்குச் சொல்லத் தெரியேல்லை. திரும்பிப் பாருங்கோவன். எனக்கொண்டும் ஆகாது. நான் உதுகளை நம்பிறேல்லை.”

அவன் எட்டி அந்த முடிச்சில் கை வைத்தான். கடல்காரக் கை, ஒரு இழுவையில் அவிழ்த்திருக்கும். அவர் இரண்டு கையாலும் துவாயை முகத்தோடு அமத்திப் பிடித்துக்கொண்டு, “வேண்டாமடா ராசா, வேண்டாமடா, உன்னைக் கும்பிட்டன்” என்று கத்தினார். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வளவில் நாய் குரைத்தது. சேகரம் கையை எடுத்தான்.

பஸ் ஏறித் திரும்பி வந்தோம். தொண்டைமானாறு தாண்டினபிறகு, “என்ரை முகத்தை அவர் கேட்டுக் கேட்டுக் கீறினவர் அம்மா” என்றான்.

அந்தப் புரட்டாசியில் சேகரம் கோயிலுக்குப் போக வெளிக்கிட்டான். முதல் நாளே கந்தப்பு மச்சான் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார், கம்சன் நிற்கிற வீதிக்கு அவன் வரக்கூடாது என்று. ஐம்பது கடந்த உடம்போடு அந்த வருசமும் அவர்தான் பலகையில் ஏறினார். மாசி பிறக்க, படுத்த பாயில் போய்விட்டார் என்று செய்தி வந்தது.

பிள்ளையில்லாத மனுசனுக்குக் கொள்ளி வைக்க மருமகன்தான் வேண்டும். நாங்கள் போனபோது குளிப்பாட்டி, வேட்டி கட்டி, நெற்றியில் நாமம் இட்டுக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் கட்டிப் பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். “படலையடியிலை நில் மோனை, கூப்பிடுறன்” என்று சேகரத்திடம் சொன்னேன். அவன் அங்கேயே நின்றான்.

ரத்தத்தின் கதையை லூர்த்தம்மாவிடம் நாலு தரம் கேட்டவள் நான். அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவளும் நான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், தலைமாட்டில் குந்தி, அவருடைய முகத்தைக் கிட்டப் பார்த்தேன். இடது கண் சரியாக மூடியிருக்கவில்லை. இமைக்குக் கீழே ஒரு கோடு வெள்ளை தெரிந்தது. அழுகிறவர்களுக்குத் தெரியாமல் என் பெருவிரலை அதில் வைத்து அமத்தினேன். எடுத்தேன். கொஞ்சம் திறந்தது. மறுபடி வைத்து, அது இனித் திறக்காது என்று தெரியும்வரை அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு படலைப் பக்கம் திரும்பி, “இப்ப வா மோனை” என்றேன்.